முயலின் காதுக்கு எட்டாமல்

வெயில் காலத்தில் வில் கொஞ்சம் அதிகமாகவே பேசும், ஐயா. மூங்கில் காய்ந்து இறுகிப்போவதுதான் காரணம். மழை நாளில் ஈரத்துணியை உதறுவது போலச் சத்தம் போடுகிற அதே வில், இலுப்பைப் பூ உதிரும் காலத்தில் யாரோ கதவை அறைந்து சாத்தியது போலச் சத்தம் போடும். உங்கள் மேசைமேல் கிடக்கிற என் வில்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நாணின் இரண்டு கோடியிலும் கம்பளி நூல் எதற்கு என்று கேட்டீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன். அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றதும் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரும்.

என் பெயர் லெபேயா சிங்கு. ஊர் ஹெசாபிர். இந்தக் கோடையில் காட்டில் செத்துப்போன துராம் என் கூடப்பிறந்த தம்பி. கை தவறி அம்பு பட்டுவிட்டது என்று எங்கள் ஊர்த்தலைவர் முன்னால் நான்தான் சொன்னேன். அவர் நம்பினார். ஊரும் நம்பியது. வேட்டையில் அப்படி நடப்பதுண்டு. உடலை எரித்து, எலும்பைப் பானையில் இட்டுப் புதைத்து, மேலே கல் பரப்பி, சோற்றைப் புளிக்கவைத்த கள் ஊற்றிக் காரியத்தை முடித்தோம். என்னை யாரும் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்து வரவில்லை. நானாகத்தான் நடந்து வந்தேன்.

வில்லுக்கு வருகிறேன். எங்கள் வில்லுக்கு நாணும் மூங்கில்தான், நீளமாகச் சீவிய பட்டை. விரலை விட்டதும் அந்தப் பட்டை போய் வில்லின் நுனியில் அடிக்கும். அந்த அடிதான் நீங்கள் கேட்கிற சத்தம். முயல் அம்பைப் பார்த்துப் பயப்படுவதில்லை. அம்பை அது பார்ப்பதே இல்லை. சத்தம் அம்பைவிட முந்திப் போய்விடும். அம்பு வந்து சேரும்போது முயல் அங்கே இருக்காது. அதனால் பட்டை அடிக்கிற இடத்தில் பழைய கம்பளியைப் பிரித்து நூலாகச் சுற்றினேன். அம்பு உரசுகிற பிடியில் முயல் தோலை ரோமம் வெளியே தெரியும்படி ஒட்டினேன். நடக்கும்போது அம்புகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடக்காமல் இருக்க அம்பறாத்தூணிக்குள் பஞ்சு அடைத்தேன். என் வில்லுக்கு மட்டுமல்ல, துராமின் வில்லுக்கும் நான்தான் இதெல்லாம் செய்துகொடுத்தேன். அவனுக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது.

அம்பிலும் சத்தம் உண்டு. லேசான அம்பு வேகமாகப் போகும். ஆனால் வில்லின் பலத்தை முழுதாக வாங்கிக்கொள்ளாது. மிச்சம் நிற்கிற பலம் வில்லையே உதறும். கனமான அம்பு எல்லாவற்றையும் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விடும். வில் ஒரு பெருமூச்சு விட்டதோடு சரி. ஆனால் இரைக்குத் தக்கபடிதான் அம்பு எடுக்க முடியும். புறாவுக்கும் அணிலுக்கும் இரும்பு வேண்டாம், நுனியில் மரக்குமிழ் வைத்த மொட்டை அம்பு போதும். இரும்பாக இருந்தால் பாதி இறைச்சி கிழிந்துபோகும், அம்பும் கிளையில் குத்திக்கொண்டு மேலேயே நின்றுவிடும். முயலுக்கு வேப்பிலை அகலத்தில் ஒரு சின்ன இரும்பு. பன்றிக்குத்தான் அகலமாக, இரண்டு பக்கமும் கொக்கி வைத்து அடிப்பது. அது உள்ளே போனால் வந்த வழியே திரும்பாது.

முயல் அடிப்பதே இப்போது குற்றம் என்பது எனக்குத் தெரியும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. நெல் பால் பிடிக்காமலே காய்ந்தது. மலைக்கு மேலே இரும்புக் கல் வெட்டுகிறார்கள். அதைக் கழுவிய தண்ணீர் எங்கள் ஓடையில் இறங்கி, ஓடை செங்கல் கரைத்தது போல ஆகிவிட்டது. மீன் இல்லை. நண்டு இல்லை. ரேஷன் அரிசி பாதி மாதத்துக்கு வரும், அதற்குப்பின் பெண்கள் கிழங்கு தோண்டப் போவார்கள். பக்கத்துக் குன்றெல்லாம் தோண்டி முடித்து அடுத்த குன்றுக்குப் போனார்கள். என் மகள் ஜெமாவுக்குக் காய்ச்சல் வந்து போனதில் கால் இரண்டும் குச்சியாகிவிட்டன. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுவாள். ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "முட்டை குடு, கறி குடு, வேற மருந்து வேண்டாம்" என்றார். எங்கள் கோழிகளையெல்லாம் அரிசிக்காக முன்பே விற்றாகிவிட்டது. எனவே காடுதான்.

துராம் வெளியூரில் கல் உடைக்கிற ஆலையில் வேலை பார்த்துவிட்டு, இருமலோடு திரும்பி வந்திருந்தான். மாத்திரை கொடுத்திருந்தார்கள். வெறும் வயிற்றில் போட்டால் எரிகிறது என்று பாதியில் நிறுத்திவிட்டான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் இடுப்பை விட்டு இறங்காத வயசு. நாங்கள் இருவரும் சேர்ந்துதான் காட்டுக்குப் போனோம். சேர்ந்து போனால் கிடைத்ததைச் சமமாகப் பிரிப்போம். யார் அம்பு பட்டதோ அவனுக்குப் பின்தொடை கூடுதல். இது எங்கள் அப்பா காலத்திலிருந்து உள்ள ஏற்பாடு.

அம்பைத் தேர்ந்தெடுப்பது என் வேலை. நாணல் தண்டை நகத்தின்மேல் வைத்துச் சுழற்றுவேன். கோணல் இருந்தால் நகத்துக்குத் தெரிந்துவிடும். பிறகு வளைத்துப் பார்ப்பேன், இறகை நனைத்து நீவுவேன். துராம் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பான்.

"என்னண்ணே, அம்புக்கு மாப்பிள்ள பாக்குறியா? எத்தன தடவதான் திருப்பித் திருப்பிப் பாப்பே? ஏதாவது ஒண்ணக் குடு. முயலுக்கு அழகு கிழகு தெரியாது."

நான் கழித்துப்போட்டதில் ஒன்றை எடுத்துக்கொண்டு வருவான். அதிலேயே அடிப்பான். அது அதிர்ஷ்டம்தான் என்று நான் நினைத்தேன். அந்த வருஷம் முழுக்க அவனுக்கு அந்த அதிர்ஷ்டம் இருந்தது.

பிரிக்கும்போது துராம் தன் பங்கிலிருந்து தொடையை எடுத்து எங்கள் இலையில் வைத்துவிடுவான். "இது ஜெமாவுக்கு. டாக்டரம்மா சொல்லிருக்குல்ல." அவனுடைய பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொல்லும் நிலையில் நான் இல்லை. என் மனைவி சுமி குழம்பைக் கிளறிக்கொண்டே, "இன்னிக்கும் அவரு அம்புதானா?" என்று கேட்பாள். குத்திக்காட்டுவதற்காக அல்ல, சும்மா கேட்பாள். ஒரு நாள் ஜெமா எலும்பைச் சப்பிக்கொண்டே, "சித்தப்பா இல்லாட்டி நமக்குக் கறியே கெடையாதுல்லப்பா?" என்றாள். குழந்தை. நான் ஆமாம் என்றேன்.

கோடை ஏற ஏற வேட்டை குறைந்தது. போகிற நாளெல்லாம் வெறுங்கையோடு திரும்பினோம். ஏன் குறைகிறது என்று நான் யோசித்தேன். வில்லை அடக்கியாகிவிட்டது. அம்பை அடக்கியாகிவிட்டது. காய்ந்த சருகின்மேல் நடக்காமல் ஓடை மணல் வழியாகவே போகிறோம். மிச்சம் இருந்த சத்தம் ஒன்றே ஒன்று. அது என் தம்பியின் நெஞ்சுக்குள் இருந்தது.

அவன் இருமினால் காடே திரும்பிப் பார்க்கும். கவுதாரி எழும்பிவிடும். நான் குறிபார்த்துக்கொண்டிருந்த முயல்கள் ஓடியதை என் கண்ணாலேயே பார்த்தேன். மலைமேல் கல் வெட்டுகிறவர்கள் வெடி வைக்கிறார்களே, இரை போனதற்கு அது காரணமாக இருக்காதா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கலாம். ஆனால் வெடியை என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு மாலை வெறுங்கையோடு வந்து வாசலில் உட்கார்ந்தோம். நான் நிதானமாகத்தான் சொன்னேன்.

"துராம், நாளைலேருந்து நீ வரவேண்டாம். நான் மட்டும் போறேன்."

"ஏன்?"

"நீ இருமுறே. எல்லாம் ஓடிப்போகுது."

"இருமல் என்ன நாயா அண்ணே, வீட்ல கட்டிப்போட்டுட்டு வர்றதுக்கு?" என்று சிரித்தான். சிரித்ததிலேயே இருமல் வந்துவிட்டது. அடங்கியபின், "நான் வரலேன்னா என் பிள்ளைங்களுக்கு?" என்றான்.

"நான் தரேன். பாதி உனக்குத்தான்."

"அடிச்சா தருவே," என்றான் துராம்.

கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு, எழுந்து தண்ணீர் குடிக்கப் போனான். சுமி உள்ளே இருந்தாள், கேட்டிருப்பாள். ஜெமாவும் கேட்டாள்.

அவன் மனைவி ஜானோ முற்றத்தின் மறுபக்கத்தில் இலுப்பைப் பூ உலர்த்திக்கொண்டிருந்தாள். எங்களில் தம்பி மனைவி மூத்தவனோடு நேருக்கு நேர் பேசக்கூடாது; பெயரைச் சொல்லக்கூடாது, பாயைக்கூட மிதிக்கக்கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரிடமோ கோழியிடமோ சொல்வாள், நான் கேட்டுக்கொள்வேன். அன்றும் முறத்தைப் பார்த்தபடி சொன்னாள்: "ஆடாதோடை எலய அவிச்சுக் குடிச்சா நெஞ்சு அடங்கும்னு எங்கம்மா சொல்லும். விடியறதுக்குள்ள நான் வச்சுக் குடுக்குறேன். வாயில ஒதுக்கிக்கவும் கொஞ்சம் எல தரேன். அவரு இருமமாட்டாருன்னு பெரியவருகிட்ட யாராச்சும் சொல்லுங்க. கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

மறுநாள் விடியலில் துராம் வந்து நின்றான். ஒரு கன்னம் உப்பியிருந்தது. கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, வாயைக் கையால் பொத்திக் காட்டினான். பேசினால் இருமல் வந்துவிடுமாம். குரங்கு மாதிரிச் சைகை செய்தான். ஜெமா வாசலில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரித்து நெடுநாளாகியிருந்தது.

ஓடை மணலில் நடந்தோம். வெயில் வருவதற்குமுன் இலுப்பை மரத்தடியில் பூ தின்ன முயல் வரும். அங்கேதான் போனோம். துராம் முன்னால் போய் ஒரு கரையான் புற்றின் பின்னால் மண்டியிட்டான். நான் அவனுக்குப் பின்னால், கொஞ்சம் மேட்டில் நின்றேன். காற்று எங்கள் முகத்தில்தான் அடித்தது. எல்லாம் சரியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு முயல் வந்தது. நல்ல வளர்த்தி. உதிர்ந்த பூவை ஒவ்வொன்றாகக் கவ்வி, அவசரமில்லாமல் தின்றது.

ஊர்த்தலைவரிடம் நான் சொன்னது இது. நானும் குறிபார்த்தேன், துராம் திடீரென்று இருமினான், நான் அதிர்ந்துபோனேன், கை நழுவியது, அம்பு அவன்மேல் பட்டது. அதைத்தான் எல்லாரும் நம்பினார்கள்.

கை நழுவவில்லை, ஐயா. என் கை அப்படி நழுவுகிற கை அல்ல.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் எப்போது வேண்டுமானாலும் இருமலாம். இருமினால் அந்த முயல் போய்விடும். இனி வருகிற முயலெல்லாம் போய்விடும். அவன் எப்படியும் அடுத்த மழையைப் பார்க்கப்போவதில்லை, எலும்பு தெரிந்துகொண்டிருந்தது. அவன் போய்விட்டால் மூன்று பிள்ளைகளுக்கும் நான் ஒருவனே நிம்மதியாக வேட்டையாடிப் போடலாம். அவனுக்கும் இழுத்துக்கொண்டு கிடக்கிற துன்பம் மிச்சம். நல்லதுதான் என்று தோன்றியது. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

முயலுக்குப் போனவன் பன்றி அம்பை ஏன் எடுத்தாய் என்று கேட்கிறீர்கள். தூணியில் மூன்று சாதி அம்பும் கலந்துதான் கிடக்கும், ஆனால் நான் மாற்றி எடுப்பவன் அல்ல. இறகைத் தொட்டாலே எது என்று என் விரலுக்குத் தெரியும். கனமான அம்பு சத்தம் குறைவு என்றேனே, அதனால்தான் எடுத்தேன். சத்தம் கேட்டால் முயல் ஓடும். மனிதன் ஓடமாட்டான்; திரும்பிப் பார்ப்பான். துராம் என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன்.

வில் நான் நினைத்தபடியே வேலை செய்தது. ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். விலாவுக்குக் கீழே, முதுகுப் பக்கமாக அம்பு போயிற்று. முயல்கூட உடனே ஓடவில்லை. துராம் பக்கவாட்டில் சாய்ந்தபோது அவன் வில் புற்றில் இடித்தது, அதற்குத்தான் ஓடியது. நான் இறங்கிப் போய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. இலுப்பை மரத்தைத்தான் பார்த்தான்.

"போயிருச்சாண்ணே?" என்று கேட்டான்.

"போயிருச்சு," என்றேன்.

"சே," என்றான். பிறகு கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது. அவன் கையில் வில் இன்னும் இருந்தது. நான் கழித்துப்போட்ட அம்பு ஒன்று பக்கத்தில் கிடந்தது.

அவனைத் தோளில் போட்டுத் தூக்கி வந்தேன். கனமே இல்லை. ஊர் கூடி அழுதது. என்னையும் தேற்றினார்கள். தம்பியைத் தன் கையாலேயே இழந்தவன் என்று கள்ளை முதலில் எனக்குத்தான் ஊற்றினார்கள். ஜானோ அழவில்லை. எரித்துவிட்டு வந்த மாலையில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, முற்றத்தைக் கடந்து நேராக என் முன்னால் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். சுமி பதறி, "ஏ ஜானோ, என்ன பண்றே, பெரியவரு முன்னால" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவள் அசையவில்லை.

"அவரு இருமினாரா?" என்று என்னிடம் கேட்டாள்.

கல்யாணமாகி வந்தபின் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"இருமினான்," என்றேன்.

அவள் தலையாட்டினாள். "அப்ப எல பத்தல," என்றாள். "இன்னொரு கைப்பிடி போட்டுருக்கணும். பிள்ளைக்கும் வேணும்னு மிச்சம் வச்சிட்டேன்."

அதற்கப்புறம் அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போகிற இடத்தில், சந்தையில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும். எல பத்தல. நான்தான் கொன்னுட்டேன், எல பத்தல. சோறு வைத்தால் பிள்ளைகளுக்கு ஊட்டிவிட்டுத் தான் எழுந்துவிடுகிறாள். கிழக்குச் சரிவில் இருந்த ஆடாதோடையையெல்லாம் ஒடித்துக் கொண்டுவந்து கூரையில் சொருகிவைத்திருக்கிறாள். இனி யாருக்கும் பத்தாமல் போகக்கூடாதாம்.

நான் சொன்ன வார்த்தைப்படி தனியாக வேட்டைக்குப் போனேன். காடு அமைதியாகத்தான் இருந்தது. சத்தமில்லாமல் போனேன், சத்தமில்லாமல் திரும்பி வந்தேன். முயல் வந்த நாளில் காற்று திரும்பிவிட்டது. இன்னொரு நாள் அம்பு சரியில்லை. சுழற்றிப் பார்த்துத்தான் எடுத்தேன், ஆனாலும் சரியில்லை. ஒரு தடவை ஒரு புறா கிடைத்தது. பிள்ளைகள் மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஜெமா, "தொடை யாருக்குப்பா?" என்று கேட்டாள். புறாவில் தொடை என்று என்ன இருக்கிறது.

இப்போது ஏன் வந்தாய் என்கிறீர்கள். முந்தாநாள் மத்தியானம் நான் வீட்டுக்குள் உட்கார்ந்து வில்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். பாயில் படுத்திருந்த ஜெமா இருமினாள். தொண்டைச் செருமல் இல்லை. எனக்குத் தெரியும், துராமின் நெஞ்சில் இருந்த அதே இருமல். சுமி வெளியே இருந்தாள். நான் கையை நிறுத்திவிட்டு, அடுத்தது எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. நெடுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் கையைப் பார்த்தபோது, அது தூணிக்குள் இருந்தது. இறகுகளைத் தடவிக்கொண்டிருந்தது.

அதனால்தான் வில்லையும் கொண்டுவந்தேன். அது வீட்டில் இருக்க வேண்டாம். ஜெமாவை யாராவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் நல்லது. இந்தத் தடவை மாத்திரையோடு சோறும் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று கேட்டீர்கள். துராம் அந்த அம்பை விட்டிருந்தால் முயல் கிடைத்திருக்குமா என்று. கிடைத்திருக்கும். அவன் நாணை முழுதாக இழுத்துப் பிடித்திருந்தான், கை ஆடவில்லை. அன்றிரவு இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் கறி தின்றிருப்பார்கள். அது எனக்கு அப்போதே தெரியும்.

ஜானோவிடம் என்னால் போய்ச் சொல்ல முடியாது. மூத்தவன் பேசக்கூடாது. நீங்கள் ஊருக்கு வரும்போது சொல்லிவிடுங்கள். இலை போதுமானதாகத்தான் இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பியது முதல் என் மடியில் கண் மூடும்வரை, துராம் ஒரு தடவைகூட இருமவில்லை.